ஏலக்காய்க்கு விலை பிறக்கும் ஊர்: போடிநாயக்கனூர்ச் சந்தையின் வரலாறு

தமிழில் ஏலம் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, மலையில் விளையும் வாசனைக் காய். மற்றொன்று, பலர் கூடி விலையை ஏற்றிக் கேட்க, அதிகம் கேட்டவருக்குப் பொருளைக் கொடுக்கும் விற்பனை முறை. காயின் பெயர் மிகப் பழையது. விற்பனை முறையின் பெயரோ கப்பலேறி வந்தது; போர்ச்சுகீசியரின் 'லெய்லாவ்' தமிழில் ஏலமாகவும் இந்தியில் நீலாமாகவும் மாறியது. இந்த இரண்டு ஏலமும் ஒரே கூடத்தில் சந்திக்கும் ஊர் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர். இந்தியச் சிறு ஏலக்காயின் விலை இங்கும், மலைக்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் அன்றாடம் முடிவாகிறது. அரசு அந்த விலையை நிர்ணயிப்பதில்லை. விற்பவரும் வாங்குபவரும் தமக்குள் கண்டடையும் விலை அது. அப்படி ஒரு சந்தை உருவாக நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

போடியைச் சுற்றியுள்ள சமவெளியில் ஏலக்காய் விளையாது. ஊருக்கு மேற்கே சுவர்போல் எழும் ஏலமலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டருக்கு மேல், மரநிழலும் ஈரமும் உள்ள சரிவுகளில்தான் அது வளரும். மலை கேரளத்தில், உடும்பன்சோலைப் பக்கம். சந்தையும் கிட்டங்கியும் கூலியாட்களும் தமிழ்நாட்டில். இரண்டையும் இணைப்பவை போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகள். இன்று விடியற்காலையில் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகின்றன. சாலை வருவதற்கு முன் இதே வழிகளில் பொதிமாடுகள் அரிசியும் உப்பும் சுமந்து ஏறின, ஏலக்காயும் மிளகும் சுமந்து இறங்கின.

மழைதான் இந்தச் சந்தையின் முதல் செய்தி. தென்மேற்குப் பருவமழை மலையில் நன்றாகப் பெய்தால் முல்லைப் பெரியாறு நிறையும். பொறியாளர் பென்னிகுவிக் கட்டி 1895-ல் முடிந்த அந்த அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும். நெல்வயல்களுக்குப் பாய்ந்தது போக ஆண்டிபட்டிக்கு அருகே, 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில் சேரும். 71 அடி வரை தேக்கக்கூடிய அந்த அணைக்கு ஆடி, ஆவணியில் வரும் நீர் பெரும்பாலும் மேற்கு மலை கொடுத்தது. ஆகவே நாளிதழில் அச்சாகும் அணை நீர்மட்டம் மதுரை விவசாயிக்கு ஒன்றைச் சொன்னால் போடி வியாபாரிக்கு இன்னொன்றைச் சொல்லும்: மேலே செடி எப்படி இருக்கிறது, வரப்போகும் காய் எவ்வளவு என்று ஒரு மதிப்பு அதிலிருந்தே கிடைக்கும்.

ஏலக்காய்க்குச் சந்தை விலை என்று ஒன்று இல்லாதிருந்த காலமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பொருள். மலையில் செடி வளர்த்த குடிகளில் பலர் மதுரைச் சீமையிலிருந்து, குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிப்போனவர்கள். பறித்த காயை அவர்கள் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அரசு தான் கணக்கிட்ட பங்கை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, சரக்கை ஆலப்புழைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் அங்கே விற்றது. 'ஆலப்புழைப் பச்சை' என்று இன்றும் உலகச் சந்தையில் வழங்கும் பெயர் அந்தக் காலத்தின் எச்சம். ஆலப்புழையில் ஏலக்காய் விளைவதில்லை. ஏலமலையை மேற்பார்க்கத் தனி அதிகாரி இருந்தார். 1877-ல் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைப் பெற்ற ஜான் டேனியல் மன்றோ அந்தப் பொறுப்பை வகித்தவர்.

இந்த ஏற்பாட்டில் காயின் விலை அரசுக்குத் தெரியும், துறைமுக வணிகருக்குத் தெரியும். செடிக்குச் சொந்தக்காரனுக்குத் தெரியாது. கிழக்கே இறங்கினால் ரொக்கம் கொடுத்து வாங்க ஆள் இருந்தது. அதனால் மலைவழிகளில் சவுக்கைகள் எனும் சுங்கச் சாவடிகள் வைத்துக் காவல் காத்தும், இரவில் அடர்காடு வழியாகச் சரக்கு மதுரைப் பக்கம் இறங்கியபடிதான் இருந்தது. கள்ளத்தனம் என்று அரசு ஆவணம் சொல்லும் அந்தப் போக்குவரத்தைப் போடி, கம்பம் சந்தைகளின் முன்வரலாறாகப் படிப்பதே சரி. விளைவித்தவன் தன் பொருளுக்கு வேறொரு விலையும் உண்டு என்று முதலில் அறிந்தது அங்கேதான். அந்த நூற்றாண்டின் இறுதியில் தனியுரிமை கைவிடப்பட்டது. நிலத்துக்கு வரி கட்டினால் போதும், காயை எங்கும் விற்கலாம் என்றானது.

விற்கும் சுதந்திரம் கிடைத்ததும் சரக்கு இயல்பாகக் கிழக்கே இறங்கியது. ஆனால் விலை அறியும் வாய்ப்பு அதோடு வந்துவிடவில்லை. ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். அதுவரை களை எடுக்க, நிழல் கவாத்துச் செய்ய, ஆட்களுக்கு அரிசி அளக்கப் பணம் வேண்டும். அந்தப் பணம் பள்ளத்தாக்கின் வணிகரிடமிருந்து முன்பணமாக வந்தது; கடனைக் காயாகத் திருப்ப வேண்டும். காய் இறங்கும் நாளில் கடன் கொடுத்தவர் சொல்வதே விலை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்பிடித்துப் பேரம் பேசுவதில் கூட இரண்டு பக்கமும் விரல் இருக்கும். முன்பணம் வாங்கிய குடியானவனுக்கு அந்த விரலும் இல்லை. இதை வணிகரின் கொடுமை என்று மட்டும் எழுதிவிடுவது நியாயமாகாது. பயிர் பொய்த்தால் அவர் பணமும் மலையிலேயே போனது. குறை எங்கே என்றால், விலை இருவருக்கும் நடுவே ஒரு மூடிய அறையில் பிறந்தது.

1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் பாதை ரயில் வந்தது. 90 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கிளைப்பாதையின் கடைசி நிலையம் மலையடிவாரத்தில் நின்றது. மலைச்சரக்கு மதுரைக்கும் அங்கிருந்து வடக்கேயும் போக வழி திறந்தது; இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் மீண்டும் போடப்பட்டன. விருதுநகர், பட்டிவீரன்பட்டி, கம்பம் என்று ஏலக்காய் கைமாறிய ஊர்கள் பல. அவற்றுள் போடி முன்னுக்கு வந்ததற்கு ரயிலும் போடிமெட்டுச் சாலையும் காரணம். தோட்டக்காரர்களும் ஒன்று சேர்ந்தார்கள். போடியில் உள்ள ஏல விவசாயிகள் சங்கம் ஊருக்கு ஒரு கல்லூரியே கட்டிக் கொடுத்தது என்றால், இந்தக் காய் அந்த ஊரில் என்ன செய்திருக்கிறது என்பது விளங்கும்.

1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. தமிழர் நிறைந்த அந்தத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நடந்த போராட்டம் பலிக்கவில்லை. திருவிதாங்கூர்க் காலத்து எல்லையே நிலைத்தது; தோட்டம் ஒரு மாநிலத்திலும் சந்தை இன்னொரு மாநிலத்திலும் ஆனது. முல்லைப் பெரியாறு அணை குறித்த இரு மாநிலத் தகராறு கொதித்த 2011 டிசம்பரில் எல்லையில் போக்குவரத்து நின்று, தோட்டங்களில் காய் செடியிலேயே கிடந்தபோது, இந்தப் பிரிவின் விலை இரு பக்கத்தாருக்கும் தெரிந்தது.

பொது ஏலம் சட்டப்படி ஒழுங்குக்கு வந்தது ஏலக்காய்ச் சட்டம் இயற்றப்பட்ட 1965-க்குப் பிறகு. அச்சட்டத்தின்படி ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1987-ல் அது புதிதாக அமைந்த நறுமணப் பொருட்கள் வாரியத்தில் இணைந்தது. அதே ஆண்டின் உரிமம், விற்பனை விதிகள்தான் இன்றைய சந்தையின் எலும்புக்கூடு. ஏலம் நடத்த ஒரு உரிமம், வாங்கி விற்க வேறொரு உரிமம். ஏலம் நடத்துவோர் வாரியத்திடம் பிணை வைக்க வேண்டும். வாரியம் நடுவர் மட்டுமே, காயை அது வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. ஏலம் நடத்தும் நிறுவனங்களில் தனியாரும் உண்டு. தோட்டக்காரர்களே உறுப்பினராக உள்ள குமுளியின் ஏலக்காய் விவசாயிகள் கூட்டுறவு விற்பனைச் சங்கம் போன்றவையும் உண்டு.

விலை எப்படிப் பிறக்கிறது என்பதைக் காயிலிருந்தே தொடங்க வேண்டும். ஆனி, ஆடியில் தொடங்கும் காய் எடுப்பு மாசி வரை, ஏறத்தாழ நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை சுற்றிச் சுற்றி நடக்கும். பச்சைக்காய் அன்றே 'ஸ்டோர்' எனப்படும் உலர்கூடத்துக்குப் போகும். மிதமான சூட்டில் ஓர் இரவும் பகலும் காய்ந்தபின், ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகும். சூடு கூடினால் நிறம் போகும், குறைந்தால் ஈரம் நிற்கும். பச்சை நிறமே விலை என்பதால் ஸ்டோரில் விழித்திருப்பவனின் ஓர் இரவு முழு எடுப்பின் மதிப்பையும் தீர்மானிக்கும்.

தோட்டக்காரர் உலர்ந்த காயைச் சாக்கில் கட்டி ஏல நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். ஒவ்வொருவர் சரக்கும் தனி 'லாட்'. அதற்கு எண் உண்டு, பெயர் இல்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சாம்பிள் எடுத்து வியாபாரிகளுக்குக் கொடுக்கப்படும். வியாபாரி அதைத் தட்டில் கொட்டிப் பார்க்கிறார். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெருங்காய் எத்தனை, ஏழு எத்தனை, வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது எத்தனை? ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கும்? உள்ளே அரிசி எனப்படும் விதை கறுத்திருக்கிறதா? காதருகே குலுக்கினால் கலகலக்கிறதா? சில நொடியில் இத்தனையும் பார்த்து, தனக்குச் சரக்குக் கேட்டிருக்கும் வடநாட்டு வியாபாரிக்கு எது பொருந்தும் என்று கணக்குப்போட்டு, எதுவரை போகலாம் என்று முடிவு செய்கிறார். பான் மசாலா ஆலைக்குப் போகும் காய் வேறு, சவூதி அரேபியாவின் காபிக்குப் போகும் காய் வேறு. பிறகு ஏலம் தொடங்கும். விலை ஏறும், நிற்கும், லாட் முடியும். கிடைத்த விலை போதாது என்று நினைத்தால் தோட்டக்காரர் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 'முடியாது' என்று சொல்லும் இந்த உரிமை திருவிதாங்கூர் அரசிடமும் முன்பணக்காரரிடமும் அவருடைய பாட்டனுக்கு இருந்ததில்லை.

முன்பு இவையெல்லாம் வாய்விட்டுக் கூவி நடந்தன. யார் கேட்கிறார், யார் தயங்குகிறார், யார் யாரைப் பார்த்துக் கண்சாடை காட்டுகிறார் என்பதெல்லாம் கூடத்துக்கே தெரியும். பழகிய வியாபாரிகள் ஒருவர் கேட்ட லாட்டில் மற்றவர் ஏறாமல் ஒதுங்கிக்கொள்ளவும் அது வசதி. 2007-ல் போடியிலும், அதைத் தொடர்ந்து வண்டன்மேட்டிலும் மின்னணு ஏலம் வந்தது. மலைமேல் நடந்த ஏலம் பின்னர் புற்றடி நறுமணப் பொருள் பூங்காவுக்கு இடம் மாறியது. ஒவ்வொரு வியாபாரிக்கும் முன்னால் ஒரு கணினி. திரையில் லாட் எண், எடை, ஏறும் விலை. பொத்தானை அழுத்துபவர் யார் என்று பக்கத்து இருக்கைக்குத் தெரியாது.

அதே 2007-ல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான 'ரூன்ஸ்கேப்' என்ற இணைய விளையாட்டிலும் இதே மாற்றம் நடந்தது. அதுவரை ஆட்டக்காரர்கள் விளையாட்டு நகரங்களின் வங்கி வாசலில் கூட்டமாக நின்று, தங்கள் வாளையும் கனிமத்தையும் எழுத்தில் கூவி விற்றார்கள். நவம்பரில் 'கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்' வந்தது. விற்பவர் தன் விலையையும் வாங்குபவர் தன் விலையையும் பதிந்துவிட்டுப் போகலாம், பொருந்தும் இருவரைக் கணினி சேர்த்துவைக்கும், யார் யாரென்று காட்டாது. இரண்டு சந்தைக்கும் உள்ள வேறுபாடு போடியை விளங்கிக்கொள்ள உதவும். விளையாட்டில் ஒரு வாளும் அதே வகை மற்றொரு வாளும் துளியும் வேறல்ல, ஆகவே பெயரும் எண்ணிக்கையும் போதும். ஏலக்காயில் ஒரு லாட் போல இன்னொன்று இல்லை. அதனால்தான் கணினி வந்து இத்தனை ஆண்டான பின்னும் போடிக் கூடத்தில் சாம்பிள் தட்டு போகவில்லை. திரை குரலை மட்டுமே மாற்றியது, கையையும் கண்ணையும் மாற்ற முடியவில்லை. இன்னொன்று, கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் தொடக்க ஆண்டுகளில் வழிகாட்டி விலையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடவில்லை; 2011-ல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஏலக்காய்க்கு அப்படிக் கூரையும் இல்லை, தரையும் இல்லை.

கூரையில்லாச் சந்தை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2019 காட்டியது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்த பெருவெள்ளத்தில் ஏலத்தோட்டங்கள் சரிந்தும் அழுகியும் போயின. அடுத்து வந்த கோடை மிச்சத்தை வாட்டியது. வரத்துச் சுருங்கியது. 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஊரெங்கும் பேச்சானது அந்த எண். ஆனால் அது அன்றைய உச்ச விலை, பெருங்காய் நிறைந்த ஒரு லாட்டுக்குக் கிடைத்தது. வாரியம் அன்றாடம் வெளியிடும் பட்டியலில் லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை என்று பத்திகள் உண்டு. சந்தையை அறிந்தவர் கடைசிப் பத்தியைத்தான் முதலில் பார்ப்பார். வந்ததற்கும் விற்றதற்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதை அடுத்துப் பார்ப்பார். அந்த இடைவெளிதான் எத்தனை தோட்டக்காரர்கள் விலையை ஒப்பாமல் சரக்கைத் திரும்ப எடுத்தார்கள் என்று சொல்லும். உயர்ந்த விலையைக் கண்டு நட்டவர்களின் செடிகள் காய்க்கத் தொடங்கிய 2021, 2022-ல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. மூன்றாம் ஆண்டில் காய்க்கும் பயிரில் இன்றைய விலையைப் பார்த்து நடுவது எப்போதும் ஆபத்து. 2024 கோடையின் வெப்பம் செடிகளைக் கருக்கியபின் விலை மீண்டும் ஏறியது.

போடியின் விலையை மலைக்கு அப்பாலிருந்தும் இழுக்கும் கைகள் உண்டு. 1914 வாக்கில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் கொண்டுபோன ஏலக்காய் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் வேரூன்றி, 1980-களில் இந்தியாவை முந்தியது. தம் வீட்டுச் சமையலில் பெரிதாகப் புழங்காத காயை அங்குள்ள விவசாயிகள் அரபு நாடுகளுக்காகவே விளைவிக்கிறார்கள். ரமலானுக்கு முந்தைய வாரங்களில் வளைகுடா எங்கே வாங்குகிறது என்பதைப் பொறுத்துப் போடியின் ஏற்றுமதிக் காய்க்கு விலை. உள்நாட்டுத் தேவை பெரிதாக இருப்பதே இந்திய ஏலக்காயைத் தாங்கி நிறுத்துகிறது. தீபாவளிக்கு முன் தில்லியும் கான்பூரும் கேட்பதே இங்கு பெரிய பருவம்.

பங்கேற்பாளர்களே விலை காணும் சந்தையில் அவர்களே அதை வளைக்கவும் முடியும். தோட்டக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லும் குறை 'ரீ-பூலிங்': ஏலத்தில் வாங்கிய சரக்கையே வியாபாரி மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருவது. இணைய விளையாட்டுச் சந்தைகளில் மலிவாக வாங்கியதை உடனே விலைகூட்டி வைப்பது கெட்டிக்காரத்தனமாகவே கொள்ளப்படும். போடியில் அது குற்றமாகப் பார்க்கப்படுவதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு எவ்வளவு சரக்கு வந்திருக்கிறது என்ற எண்ணே இங்கு விலையின் பாதி. விற்ற காய் திரும்ப வந்தால் வரத்துப் பட்டியலில் இருமுறை ஏறும். காய் ஏராளம் என்ற தோற்றம் உண்டாகி, புதிதாகப் பறித்தவனின் விலை இறங்கும். பொய்யான வரத்து, காய்க்குச் சிலர் ஏற்றும் செயற்கைப் பச்சை நிறத்தைவிடக் கேடானது. நிறம் ஒரு லாட்டைக் கெடுக்கும், இது அன்றைய சந்தையையே கெடுக்கும். சாம்பிளாக எடுக்கும் காய் தோட்டக்காரருக்குத் திரும்பி வருவதில்லை என்பதும் பழைய மனக்குறை. சிறு லாட் வைப்பவருக்கு அந்த இழப்பு விகிதத்தில் பெரிது.

2020 மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கில் ஏலம் நின்றது. மாநில எல்லை மூடிக்கிடக்க, போடி வியாபாரிகள் புற்றடிக்குப் போக முடியவில்லை. மே இறுதியில் ஏலம் மீண்டபோது இந்த இடையூறு சந்தையின் அமைப்பையே மாற்றத் தூண்டியது. 2021-ல் இரு மையங்களும் இணையவழி ஒரே நேரத்தில் பங்கேற்கும் நேரலை ஏலம் தொடங்கியது. போடியில் அமர்ந்தபடி புற்றடி லாட்டுக்கு விலை கேட்கலாம் என்றானது. சாம்பிள் மட்டும் வண்டியில்தான் மலை ஏறி இறங்க வேண்டும்.

ஏலத்தில் வென்ற சரக்கு போடியின் கிட்டங்கிகளுக்குப் போகிறது. அங்கே பெண்கள் வரிசையாக அமர்ந்து சல்லடையில் சலித்து, கையால் பொறுக்கி, அளவுவாரியாகத் தரம் பிரிக்கிறார்கள். பல தோட்டங்களின் காய் அந்தச் சல்லடையில் ஒன்றாகி, எட்டு மில்லி, ஏழு மில்லி என்று புதுப் பெயரும் புது விலையும் பெறுகிறது. ஏல விலைக்கும் வடநாட்டுக் கடை விலைக்கும் இடையிலுள்ள தொலைவின் முதல் படி இது.

ஏக்கருக்கும் குறைவாக வைத்திருப்பவர் பெரும்பாலும் ஏலக் கூடம் வரை வருவதில்லை. இருபது முப்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு வந்து, பணத்துக்குப் பல நாள் காத்திருக்க அவரால் ஆகாது. மலைமேல் உள்ள கடையில் கையோடு காசு வாங்கி விற்றுவிடுகிறார். ஆனாலும் அன்று மாலைக்குள் போடி, புற்றடிச் சராசரி அவருடைய கைப்பேசிக்கு வந்துவிடும். கடைக்காரர் நிறத்துக்கும் ஈரத்துக்கும் கழித்துக்கொண்டு ஒரு விலை சொல்வார். இவர் சராசரியைச் சொல்லிக் கூடக் கேட்பார். பேரம் அந்த எண்ணிலிருந்து தொடங்கும்.